ஏழாம் கட்டில் அட்டை

முத்துப்பேச்சி சங்கையாவுக்குத் தரவேண்டிய பாக்கி நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அதில் ஒத்தை ரூபாய்கூட அவள் கட்டியதில்லை. ஆனாலும் அது குறைந்துகொண்டே வந்தது.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலை, ஆமத்தூர் விலக்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவளுக்குப் பக்கத்தில் சங்கையா பைக்கை நிறுத்தினார். பட்டாசுக் கம்பெனி போர்மேன். ஆள் பிடிக்கிறதும், அட்வான்ஸ் கொடுக்கிறதும், கொடுத்ததை நீல நோட்டில் எழுதிவைத்து வாரச் சம்பளத்தில் பிடிக்கிறதும் அவர் வேலை. முத்துப்பேச்சியின் புருசன் இருளாண்டி வெடிமருந்துக் கலவை ரூமில் வெந்துபோய், மதுரையில் பதினோரு நாள் கிடந்து செத்தபோது அவரிடம் வாங்கின காசு அது.

"என்னத்தா, இன்னும் பதினோராயிரத்து எறநூறுதான். தீவாளியோட முடிஞ்சுரும்" என்றார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி அண்ணாச்சி."

பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேறு எவளோ கட்டின காசைத் தன் பேரில் வரவு வைத்துவிட்டார். டீக் காசைக்கூட மறக்காத மனுசன் எப்படி இப்படித் தப்புப் பண்ணினார்? கேட்டிருக்க வேண்டும். கேட்டால் திருத்திவிடுவார். புருசனைத் தின்ற கம்பெனி, முப்பத்தோராயிரம் நட்டப்பட்டால் படட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் கம்பெனியை விட்டு வந்து மூணு வருசம். மகள் சினேகாவை கம்பெனி வேன் நிற்கிற பக்கமே விட்டதில்லை. இருளாண்டி பிணத்தின் மேல் கைவைத்துச் செய்த சத்தியம் அது. பத்தொன்பது வயசுப் பிள்ளை ஆடியிலிருந்து சிவகாசியில் டைரி பைண்டிங்குக்குப் போகிறாள். வேலை பழகுகிற பிள்ளை என்று வாரம் எழுநூறுதான் கொடுக்கிறார்கள். போதும். காகிதம் வெடிக்காது.

ஆஸ்பத்திரியில் முத்துப்பேச்சிக்குத் தீக்காய வார்டில் ஒப்பந்த வேலை. துடைக்க, அள்ள, இலை போட. டாக்டர் விக்னேஷ்வரன் இந்த வருசம் சீசனுக்கென்று ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தார். பழைய சாமான் கிடங்கைக் காலிசெய்து, வெள்ளையடித்து, பன்னிரண்டு கட்டில். ஒவ்வொன்றுக்கும் ஒரு குளுக்கோஸ் ஸ்டாண்டு, ஒரு கொசுவலை, கால்மாட்டில் தகரச் சட்டத்தில் செருகின வெள்ளை அட்டை. ஆள் வந்ததும் அதில் பேரும் வயசும் எழுதவேண்டும்.

"வெடிச்சப்புறம் கட்டில் தேடி ஓடக்கூடாது. கேட்டுக்குள்ள ஆம்புலன்ஸ் நுழைஞ்சு ரெண்டு நிமிசத்துல ஆள் கட்டில்ல இருக்கணும். தீபாவளி முடியிற வரைக்கும் பன்னெண்டும் காலியா, தயாரா இருக்கணும்" என்றார்.

நல்ல ஏற்பாடுதான். வெளியே வராந்தாவில் காய்ச்சல்காரர்கள் தரையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அவள் வாளியோடு போகும்போதெல்லாம் ஒரு கிழவர் தலையைத் தூக்கிக் கேட்பார்: "அங்கன பன்னெண்டு மெத்தைய விரிச்சுவச்சு யாரு வீட்டு விருந்தாடிக்குக் காத்திருக்கீக?" அந்த விருந்தாளிகள் இந்நேரம் எங்கோ பத்துக்குப் பத்து ரூமில் உட்கார்ந்து, திரி வைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே வராது. குழல்விளக்கு வெளிச்சம் மட்டும், பகலா ராவா என்று சொல்லாமல், வெளுத்துப்போன தோல் மாதிரிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். டெட்டால் வாடை, சுண்ணாம்பு வாடை, அதற்கு அடியில் ஆவியில் வெந்த வாழையிலையின் வாடை. வெந்த உடம்பு துணியில் ஒட்டிக்கொள்ளும், இலையில் ஒட்டாது. ஆகையால் தினமும் காலையில் பன்னிரண்டு கட்டிலிலும் புது இலை பரப்பி, சாயங்காலம் வாடினதை எடுத்துப்போட வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஏழாம் கட்டில் இலை கருகியிருந்தது.

வாடல் இல்லை. ஓரம் பொரிந்து, நடுவில் ஒரு ஆள் குறுகிப் படுத்த அளவுக்குப் பழுப்பு. தொட்டாள். சூடு. மற்ற பதினோரு இலையும் பச்சையாக, குளுகுளுவென்று கிடந்தன. மேலே விளக்கில்லை, கீழே வயர் இல்லை. எடுத்து வாளியில் போட்டுவிட்டுப் புதுசு பரப்பினாள். நிமிரும்போது கால்மாட்டு அட்டையைப் பார்த்தாள்.

மையில் எழுதினது இல்லை. காகிதத்தைத் தீக்கு அருகில் காட்டினால் பழுப்பேறுமே, அந்த நிறத்தில் எழுத்து. அவள் எழுத்துக் கூட்டினாள். சினேகாதான் காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்காட்டி, ரெண்டு வருசமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மு. த். து. ப். பே. ச். சி.

பெண். வயது 44.

அவள் பேர். அவள் வயசு.

"ஏம்மா, எழுதப் படிச்சுட்டா கண்ட எடத்துலயும் பேரு எழுதுவீகளா?" பின்னால் செல்லக்கனி சிஸ்டர். "அரசாங்க அட்டை. நாளைக்குச் சுவத்துல எழுதுவீக. அப்புறம் என் நெத்தியில எழுதுவீக."

"நான் எழுதல சிஸ்டர்."

"கையெழுத்து உங்களுதுதான. இந்தா, 'மு'வுக்கு எலிவால் மாதிரி ஒரு சுழி. தெனம் வருகைப் பதிவுல நான் பாக்கலையா?"

அது உண்மை. சினேகா 'மு' போட்டால் வால் கீழே இறங்கிச் சுழித்து மேலே ஏறும். பார்த்துப் பழகினதால் அவளுக்கும் அப்படித்தான் வரும். சிஸ்டர் அட்டையை உருவிக் கிழித்துவிட்டு வேறு செருகினாள்.

வெள்ளிக்கிழமை காலை புது அட்டையிலும் அதே பேர் இருந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் அதை உருவிச் சேலை மடிப்பில் ஒளித்துக்கொண்டு, சட்டத்தில் வேறு அட்டை செருகினாள். இடுப்பில் அது வெதுவெதுப்பாக இருந்தது, பெத்துப் போட்ட குட்டி மாதிரி.

அன்று ராத்திரி வீட்டில் அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"நீ பத்தவை."

"என்னம்மா ஆச்சு ஒனக்கு?" சினேகா லைட்டரைத் தட்டினாள். வலது காதுக்குப் பின்னால், மயிர்க்காலில், வெள்ளிப்பொடி மினுங்கியது. தினமும் இருப்பதுதான். டைரி அட்டைக்கு அடிக்கிற வெள்ளி மை, தேய்த்தாலும் போகாது என்று முதல் வாரமே சொல்லியிருந்தாள். பதினாறு வருசம் மருந்து வாடையில் கிடந்து மூக்குச் செத்தவள் முத்துப்பேச்சி. முகர்ந்து பார்க்கவும் தோன்றவில்லை.

"நான் செத்துப்போனா சங்கையா வந்து ஒன்னையக் கூப்பிடுவாரு. போகக்கூடாது. கேட்டியா? பாக்கி பதினோராயிரத்து எறநூறு. வீட்ட வித்தாவது கட்டு. மருந்து ரூமுக்குள்ள கால வைக்காத."

சினேகா குழம்பைக் கிண்டினாள். "நீ சாகமாட்ட. தீவாளி கழியட்டும், ஒரு சந்தோசம் சொல்றேன்."

"எவனையும் பாத்துவச்சிருக்கியாடி?"

"மாப்பிள்ளைய விடப் பெருசும்மா."

சனிக்கிழமை சம்பள நாள். சினேகா ஏழு மணிக்கே போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சிஸ்டர் சாப்பிடப் போக, பன்னிரண்டு கட்டிலோடு முத்துப்பேச்சி தனியாக நின்றாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அது சாத்திய சத்தத்துக்குப் பிறகு வராந்தாவின் இருமலும் பிள்ளை அழுகையும் அறுந்துபோயின. குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும் இருந்தது. அதற்குள் இன்னொரு சத்தம். சளி கட்டின நெஞ்சு இழுக்கிற மாதிரி. இழுத்து, நின்று, விடுகிற மாதிரி.

ஒன்றாம் கட்டிலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். பச்சை. பச்சை. பச்சை.

ஏழின் அட்டையில் மறுபடியும் அவள் பேர் பழுத்திருந்தது. அங்கே கொசுவலை உள்பக்கமாக உறிஞ்சப்பட்டு, பிறகு வெளியே உப்பியது.

இலை அமுங்கியிருந்தது. தலை இருக்கிற இடம். தோள். மடக்கின முழங்கால். யாரும் இல்லை. இலையின் ஓரம் மெல்லச் சுருண்டு பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் தொங்கின குளுக்கோஸ் பாட்டிலில், யாரும் திறக்காத பாட்டிலில், ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

"தண்ணி."

வெந்த தொண்டையின் குரல். இருளாண்டி பதினோரு நாள் கேட்ட குரல் அப்படித்தான் இருந்தது. ஆனால் இது பொம்பிளைக் குரல்.

ஓடியிருக்கலாம். ஓடி எங்கே போவது? வெளியே எங்கேயோ ஒரு தீ அவளைத் தேடிக்கொண்டிருந்தது. பேர் எழுதி, வயசு எழுதி, இடம் போட்டு வைத்திருந்தது. இங்கே தீ இல்லை. கட்டிலுக்கு வேண்டியது ஆள்தானே. வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். அவள் வலையைத் தூக்கினாள்.

"இந்தா, வந்துட்டேன். முத்துப்பேச்சி. நாப்பத்திநாலு. போதுமா?"

படுத்தாள். இலை முதுகில் சுட்டது. அமுங்கின பள்ளம் அவளைவிடச் சின்னது. தோளைக் குறுக்கிக்கொண்டாள். காலை மடக்கினாள். காதோரம் ஒரு மூச்சு. இழுத்தது. நின்றது.

விடவில்லை.

கட்டில் நடுங்கியது. பன்னிரண்டு ஸ்டாண்டும் கிணுகிணுத்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது, தூரத்திலிருந்து, தரைக்கடியில் யாரோ பெரிய கதவைச் சாத்தின மாதிரி.

போன் அடித்தது.

அவள் எழுந்து கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். ஒரு கொப்புளம் இல்லை. தப்பித்தேன். வாய்விட்டுச் சிரித்தாள். ஓடிவந்த சிஸ்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். "விஸ்வநத்தம் பக்கமாம். ஏழு பேரு. இலையச் சரிபண்ணுங்க."

எல்லாம் போட்டுவைத்த ஏற்பாட்டின்படியே நடந்தது. கேட் திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் நின்றது. ரெண்டு நிமிசத்தில் ஆள் கட்டிலில். ஒன்று, ரெண்டு, மூணு. கருகின முடி வாடை அவளுடைய செத்த மூக்கிலும் ஏறியது. ஏழாவதாக வந்த உடம்பு சின்னது. முகம் வீங்கி, கண் மூடி, யாரென்று தெரியாது. தோளைக் குறுக்கி, காலை மடக்கியிருந்தது. ஏழாம் இலையின் பள்ளத்தில் வைத்தார்கள். பொருந்தியது.

சங்கையா சட்டையெல்லாம் கரியாக, வருகை நோட்டும் நீல நோட்டுமாக வாசலில் நின்றார். டாக்டர் கட்டில் கட்டிலாகக் கேட்க, அவர் வாசித்தார். முனியராஜ். அய்யம்மாள். பாண்டிலட்சுமி.

"ஏழு?"

"முத்துப்பேச்சி. நாப்பத்திநாலு."

"அவுக இங்கதான நிக்காக" என்றாள் செல்லக்கனி சிஸ்டர்.

சங்கையா தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். வருகை நோட்டை மூடப் பார்த்தார். அதற்குள் அவள் பிடுங்கிவிட்டாள்.

ஆடி முதல் இன்று வரை, தேதி தேதியாக, அவள் பேரில் கையெழுத்து. மு. எலிவால். மு. எலிவால். மு. அவள் கையெழுத்துத்தான். ஆனால் அவளுக்குத் தடுக்கும். வரி ஏறி இறங்கும். இது ஓட்டமாக, நேராகப் போயிருந்தது. சொல்லிக்கொடுத்தவளின் கை.

"ஒம் பேருல அட்வான்ஸ், ஒம் பேருல ஆஜர்" என்றார் சங்கையா தாழ்ந்த குரலில். "ஒம் மக அதுவா வந்து நின்னுச்சு. நான் கடனக் கழிச்சுர்றேன், அம்மாட்ட சொல்லாதீகன்னுச்சு. வாரம் ரெண்டாயிரத்துக்கு மேலயே பிடிச்சேன். ஒனக்குத் தெரியும்னுதான இருந்தேன். அன்னைக்கு விலக்குல சொன்னப்ப நீ சரின்னுதான சொன்ன?"

அவள் கட்டிலண்டை போனாள். வலது காதுக்குப் பின்னால் தோல் வேகாமல் ஒரு கடுகளவு மிச்சம் இருந்தது. அதில் அதே வெள்ளிப்பொடி.

"தண்ணி" என்றது ஏழாம் கட்டில். அதே குரல். "யம்மா."

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. சங்கையா அவசரமாக நீல நோட்டைப் புரட்டினார். "போலீஸ்காரன் பாக்கறதுக்குள்ள ஒம் பேரு இதுல இருக்கக்கூடாது. பதினோராயிரத்து எறநூறையும் தள்ளிட்டேன். இனிமே நீ ஒண்ணும் தரவேண்டாம், போ." பேனாவை வைத்துக் கடைசி எழுத்திலிருந்து பின்பக்கமாக, அழுத்தி, அடிக்க ஆரம்பித்தார்.

கால்மாட்டு அட்டையில் 'சி' வெளுத்தது.

கட்டிலில் மூச்சு ஒரு படி இறங்கியது.

'ச்' போனது.

"அடிக்காதீக அண்ணாச்சி." அவர் காதில் விழவில்லை. அவள் டாக்டரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். அட்டை மேல் குனிந்தாள். எழுதவேண்டும். திரும்ப எழுதவேண்டும். 'மு'. வால் சுழிக்க வேண்டும். பேனா வழுக்கியது. அட்டை சுட்டது. மை பிடிக்கவில்லை. 'பே' போனது. 'ப்' போனது. அடுத்த எழுத்து என்ன? மு. அடுத்து? சொல்லிக்கொடுத்தவள் பக்கத்தில்தான் கிடந்தாள். மூச்சை இழுத்தாள். நின்றாள்.

'து'.

'த்'.

"பைசல்" என்று சங்கையா நோட்டை மூடினார்.

அட்டையில் எலிவால் மட்டும் கொஞ்சநேரம் இருந்தது. பிறகு அதுவும் நுனியிலிருந்து சுருண்டு ஏறிப் போனது. தகரச் சட்டத்தில் அட்டை வெள்ளை வெளேரென்று, புதுசாக, அடுத்த ஆளுக்குத் தயாராக இருந்தது. அவள் அதன்மேல் பேனாவை ஊன்றி, மு, மு, மு என்று எழுதிக்கொண்டே இருந்தாள்.