ஒரு கரண்டி மீனெண்ணெய்

நாகர்கோவில் ரோட்டில் மோட்டார் பஸ் புகை விட்டுக்கொண்டு ஓடத் தொடங்கிய வருஷங்கள் அவை. கடற்கரை மணலுக்கு அது வராது. அதற்கு என்னுடைய கூண்டு வண்டிதான் வேண்டும். அதனால்தான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ராஜையன், தன் மனைவி ராகேலைக் கூட்டிக்கொண்டு கடலோரமாகவே சுற்றிவர என்னை அமர்த்தினார்.

ராகேலுக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய காய்ச்சல் ஒன்று வந்து போனதிலிருந்து, விழுங்கியது எதுவும் வயிற்றில் தங்காது. கஞ்சித் தெளிவுகூடக் குமட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். கடற்காற்றில் வையுங்கள், மீனெண்ணெய் கொடுங்கள், இந்த மாதத்துக்குள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சீமையிலிருந்து வந்த மீனெண்ணெய்க் குப்பி ஒன்றும் கொடுத்தனுப்பினார்.

வாத்தியார் கூண்டுக்குள் மெத்தை விரித்தார். அடுப்பு, சட்டி பானை, வேதப்புத்தகம் எல்லாம் ஏறின.

"கல்யாணம் கழிஞ்சு நாங்க எங்கயும் போனதில்ல வே பொன்னுலிங்கம். சீக்குன்னு நெனையாம, ஊர் பாக்கப் போறதா நெனைச்சுக்கிடுவோம்" என்றார்.

அஞ்சுகிராமம் வழியாக வட்டக்கோட்டைக்கு இறங்கினோம். அழகான கரை. ஒரு பக்கம் பனங்காடு, மறுபக்கம் கருமணல், கோட்டைச் சுவரில் அலை. ராகேல் கூண்டு வாசலில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு வாந்தியெடுத்தாள்.

கன்னியாகுமரி தாண்டி மேற்கே திரும்பியதும் சக்கரம் ஒரு பாறையில் ஏறி இறங்கியது. குப்பி உடைந்தது. வாத்தியார் மெத்தையில் சிந்திய எண்ணெயைத் துணியில் ஒற்றிப் பிழிய முயன்றார். ஒரு துளியும் தேறவில்லை.

அப்போதுதான் அந்தக் கொட்டகை கண்ணில் பட்டது. சாளை மீனைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் இடம். மீன்பிடி வள்ளங்களின் அடியில் பூசுகிற எண்ணெய். ஆள் இல்லை. கூரை ஓலை பாதி பறந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய கொப்பரை, அதன்மேல் பலகை, பலகைமேல் பாறாங்கல்.

நாற்றத்தைச் சொல்லவேண்டும். மேலாக அழுகின மீன். அதற்கடியில் மயிர் கருகின வாடை. அதற்கும் அடியில் லேசான தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் தொண்டையில் ஒட்டியது. என் மாடுகள் இரண்டும் அங்கே மூத்திரம் பெய்யக்கூட மறுத்துவிட்டன.

வாத்தியார் கல்லை உருட்டிப் பலகையைத் தள்ளினார். எண்ணெய்மேல் மஞ்சளாக ஓர் ஆடை, மனிதத் தோல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. விரலால் ஒதுக்கினார்.

"சீமையெண்ணெயும் மீன்தான், இதுவும் மீன்தான். நல்லாத் தெளிஞ்சு கெடக்கு, பாத்தியா?"

"நாறுது சார்."

"அதுவும் நாறத்தானே செஞ்சுது?"

சொல்லிக்கொண்டே வாத்தியார் சுரைக்குடுக்கை நிறைய மொண்டுகொண்டார்.

ஒரு கரண்டி ஊட்டினார். ராகேல் கண்ணை மூடி விழுங்கினாள். வாந்தி வருமென்று நாங்கள் வழக்கம்போல் ஒதுங்கி நின்றோம்.

வரவில்லை.

அவள் கரண்டியை நக்கினாள். பிறகு வாத்தியாரின் விரலை நக்கினாள்.

"பசிக்கி" என்றாள்.

வாத்தியார் அங்கேயே மண்டியிட்டு ஜெபம் செய்தார். அவர் ஆமென் சொல்வதற்குள் ராகேல் பானையை வழித்துவிட்டாள்.

அதன்பிறகு அவள் தின்றது கொஞ்சமல்ல. மீன் தலையை முள்ளோடு மென்றாள். குழம்பில் விழுந்த ஈயை ஒதுக்கவில்லை. துறையில் பெண்கள் கழுவி வீசிய குடலைக் கூடையோடு வாங்கிவரச் சொன்னாள், எண்ணெயில் தோய்த்து உறிஞ்சினாள். ஒரு நடுப்பகலில், சக்கரத்தடியில் குனிந்து, அச்சில் பூசியிருந்த கறுப்பு மையை வழித்து வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், அம்மா வண்டி மையைத் திங்கியாவ."

"திங்கட்டும் வே. தங்குதுல்லா?" என்றார் வாத்தியார். ஆனால் முகத்தை அவள் இருந்த பக்கம் திருப்பவில்லை.

இதற்கிடையில் வண்டி கனத்தது. மாடுகள் நுரை தள்ளின. சக்கரம் மணலில் புதைந்தது. மெத்தையில் ஓர் அகலமான பள்ளம் விழுந்து, அதில் ஏதோ ஊறிக்கொண்டே இருந்தது. தொட்டால் விரலில் நூலாக இழுத்தது.

மணக்குடிக் காயல் கரையில் வள்ளக்காரர் மரியசூசை எங்களைத் தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேற்றார். குடுக்கையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இது எங்க மொண்டது?"

வாத்தியார் சொன்னார்.

"கல்லைத் தூக்கி வச்சிருந்தோமே ஓய், கண்ணு தெரியலியா?" மரியசூசை சிலுவை போட்டுக்கொண்டார். "கித்தேரியான் காய்ச்சின கொப்பரை அது. பெருந்தீனிக்காரன். வேகுற மீனைக் கையவிட்டு எடுத்துத் திம்பான். எட்டி எடுக்கையில தலைகீழா உள்ள போயிட்டான். ஆரும் பாக்கல. தீ தானா அவியுற மட்டும் கெடந்தான். நாங்க எலும்பைத்தான் அடக்கினோம்."

"மத்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் எண்ணெயாச்சு."

வாத்தியார் வாந்தியெடுத்தார். ராகேல் ஒரு மாதமாக எடுத்ததை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்தார். பிறகு குடுக்கையைக் காயலில் வீசிவிட்டு, கூண்டுக்குள் கைவிட்டு மனைவியைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்.

அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தோம். அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் அவள் வாயைத்தான். விலா எலும்பு ரவிக்கைக்கு மேலே தெரிந்தது. பனையோலை விசிறியைத் தூக்குவதுபோல் அவர் அவளைத் தூக்கியிருந்தார்.

"இவ்வளவு தின்னியே பிள்ளே" என்றார்.

"நான் எங்க தின்னேன்?" ராகேல் அழுதாள். "எனக்கு ஒரு வாய்கூட விடலியே அவரு."

மரியசூசையின் வள்ளம் அதற்குள் காயலின் நடுவில் இருந்தது. கரையில் நாங்கள் மூன்று பேர். கூண்டுக்குள் யாருமில்லை.

கூண்டுக்குள்ளிருந்து ஓர் ஏப்பம் வந்தது.

நீண்ட, ஈரமான, திருப்தியான ஏப்பம். வாடை பின்னால் வந்தது.

வாத்தியார் ராகேலை முதுகில் போட்டுக்கொண்டு தென்னந்தோப்புக்குள் நடந்தார். வேதப்புத்தகத்தைக்கூட எடுக்கவில்லை. தோப்பின் முதல் வீட்டு முற்றத்தில் அவளை இறக்கியதும், அங்கிருந்த பெண்பிள்ளை தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுத்ததும் வண்டியருகே நின்ற எனக்குத் தெரிந்தது. ராகேல் மெதுவாகக் குடித்தாள்.

குடித்தது தங்கியது. வாத்தியார் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கும் நிம்மதியாக இருந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியைத் தரையில் வைத்தேன்.

அது தரையில் நிற்கவில்லை.

மெல்ல எழுந்தது. இடுப்பு உயரம், தலை உயரம், வானத்தைப் பார்த்து. முன்னால் உட்கார்ந்திருந்த கனம் பின்வாசலுக்கு நகர்ந்தால் இரட்டைச் சக்கர வண்டி அப்படித்தான் எழும்பும்.

பிறகு பொத்தென்று விழுந்தது.

கூண்டுக்குள் இருந்தவர் இறங்கிவிட்டார்.

வண்டிக்குப் பின்னால் மணலில் ஒரு பாதம் பதிந்தது. அகலமாக, எண்ணெய் மினுங்க. அதற்கு முன்னால் இன்னொன்று. அவசரமில்லாமல், தோப்பை நோக்கி.

முற்றத்தில் ராகேல் இன்னும் கொஞ்சம் கேட்டுச் சிரட்டையை நீட்டிக்கொண்டிருந்தாள்.