கற்பூரம் ஏற்றிய திருடன்

எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு காலை, அப்துல் சலாம் தென்னூருக்கு ஓடிவந்து கதவைத் தட்டியபோது ஸ்தனிஸ்லாஸ் தோசையை விட்டு எழவில்லை. ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருஷம், காணாமற்போன மூட்டைகளைத் தேடிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். யானையையே காணோம் என்றாலும் சட்னியை வழித்துவிட்டுத்தான் கிளம்புவார். பக்கத்து வீட்டுத் தைரியராஜ் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று பேரைச் சந்தேகப்பட்டு முடித்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரைப் பாதை நெடுகச் சிற்பக் கண்காட்சி. பன்னிரண்டு சிற்பங்கள், காவலுக்குச் சலாம். விடியற்காலைத் தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒன்று மாயம். அவரை வேலையை விட்டு நிறுத்தி, மாலைக்குள் கிடைக்காவிட்டால் போலீஸ்தான் என்று கண்காட்சிச் செயலாளர் சகாயநாதன் சொல்லிவிட்டாராம்.

"வர்ற வெள்ளிக்கிழமை எம் பொண்ணைப் பார்க்க வர்றாங்க ஐயா. திருட்டுப் பட்டத்தோட எப்படி வாசல்ல நிப்பேன்?"

டவுன் பஸ் பிடித்துப் போனார்கள். சிற்பங்களிலேயே விலை கூடிய வெண்கல மயில் அப்படியே நின்றது. போயிருந்தது ஒரு கருங்கல் பலகை. ஆறு பேர் தூக்கினாலும் ஏழாவது ஆளுக்கு மூச்சு வாங்கும். சரிவானது, மேலே சொரசொரப்பு. 'தியானம்' என்று பெயராம். பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் அது தியானமாகத் தெரியவில்லை என்று சலாமே ஒப்புக்கொண்டார்.

தைரியராஜ் கடத்தல் கும்பல் என்று ஆரம்பித்து, லாரியேறி, கப்பலேறி, லண்டனில் இறங்கிவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் குனிந்து பார்த்தார். கல் இருந்த இடத்தில் கற்பூரக் கரி. அருகம்புல் செருகிய மஞ்சள் பிள்ளையார். ஆற்றுப் பக்கமாக நசுங்கிக் கிடந்தன இரண்டு வாழைமரத் துண்டுகள்.

"தைரியம், திருட வந்தவன் பிள்ளையார் பிடிச்சு வைப்பானா?"

"பக்தியுள்ள திருடனா இருப்பான்."

"தன் பொருள்னு நெனக்கிறவன்தான் இப்படி நல்ல காரியமாத் தொடங்குவான். வெண்கலத்தைத் தொடலை, அதனால விலைக்கு எடுக்கலை, உபயோகத்துக்கு எடுத்திருக்கான். வாழைமரத்தை உருளையாப் போட்டு ரோட்டுக்குத் தள்ளலை, ஆத்துக்குத் தள்ளியிருக்கான். சரிவான, சொரசொரப்பான கல்லுக்கு ஆத்துல என்ன வேலை?"

தைரியராஜ் லண்டனிலிருந்து திரும்பிவந்தார். வளைவுக்கு அப்பால் மலைக்கோட்டையே அதிரும்படி துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

படித்துறையில், முழங்கால் தண்ணீரில், தியானத்தின்மேல் நான்கு பெண்கள் போர்வையை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாழைத்தோப்பு வீரமலை பெருமையோடு வரவேற்றார். படித்துறைக்குத் துவைகல் கேட்டு நகராட்சிக்கு மூன்று வருஷமாக மனுப் போட்டார்களாம். கரையில் கல் வந்து இறங்கியிருக்கவே, விடியுமுன்னே பூஜை போட்டு உருட்டி வந்தார்களாம்.

"பதினோரு பொம்மையும் ஒரு துவைகல்லும் இருந்துச்சுங்க. பொம்மை உங்களுது, கல்லு எங்களுதுன்னு நெனச்சோம்."

சலாம் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தகவல் தெரிந்து ஓடிவந்த சகாயநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தப்புத் தன்மேல்தான் என்றும், பழையபடி காவலுக்கு வர வேண்டும் என்றும் கேட்டார்.

"வரேன் சார். முதல்ல நீங்க போய் அந்தக் கல்லைக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

சகாயநாதன் நான்கு பெண்களையும், அவர்கள் முறுக்கிப் பிடித்திருந்த ஈரப் போர்வையையும் பார்த்தார். பிறகு சலாமுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார்.