வால் பக்கம் ஏறியவன்

"சார், மூக்கை எறக்குங்க! ரன்வே முடியப் போவுது!"

பின்சீட்டிலிருந்து ராஜ்குமார் கத்தினான். இறக்கத்தான் வளன் உடம்பின் மொத்த பலத்தையும் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். நாலுவழிச் சாலைக்காகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வானிலிருந்து படம் பிடிக்கும் சின்ன விமானம் அது. ஓட்டுபவன் வளன், கேமராவுக்கு ராஜ்குமார், அவ்வளவுதான் ஆட்கள். ஆகாயத்தில் சொன்னபடி கேட்கிற வண்டி, இந்த ஒரு வாரமாக இறங்கும்போது மட்டும் வாலைத் தாழ்த்திக்கொண்டு முரண்டு பிடித்தது. யாரோ பின்னால் தொங்கிக்கொண்டு வருவது போல.

சக்கரம் தரையைத் தொட்டு, எகிறி, மறுபடி தொட்டது. வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளத்தின் கடைசி விரிசலுக்குச் சற்று முன்னால், முனகிக்கொண்டே நின்றது.

"இன்னா பேஜாரு சார் இது! எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ள." நெஞ்சைத் தடவியபடி இறங்கி வால் பக்கம் போனான் ராஜ்குமார். அங்கேயே குனிந்தான்.

"சார்... டார்ச் எடுத்துக்கினு வாங்க."

வால் நெருங்க நெருங்க விமானத்தின் உடம்பு ஒடுங்கி, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனுக்கு வந்துவிடும். அந்த இடத்தில் தகடு இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கியிருந்தது. வளன் வெளிச்சத்தை நகர்த்தினான். கொஞ்சம் முன்னால் இன்னொரு ஜோடி. அதற்கும் முன்னால் இன்னொன்று. கீழே, வயிற்றுப் பக்கம், பாதங்களைச் சேர்த்து வைத்து உந்தினாற்போலக் குழிகள்.

"மொதல்ல வால்ல மட்டும் ஒரு நெளிசல் இருந்திச்சு. ராவுல மாடு இடிச்சிருக்கும்னீங்க. இப்ப பாருங்க, ரெக்கை வரைக்கும் வந்துக்கினு இருக்குது. காலையில நான் தொட்டுப் பாத்தேன் சார், இதெல்லாம் இல்ல. ஆகாசத்துல ஏது மாடு?"

"பறவை அடிச்சிருக்கும்."

"பறவை கட்டிப் புடிக்குமா சார்?"

அந்திக் கருக்கலில் மல்லாட்டைக் கொல்லைகள் இருபுறமும் ஒரு கடலைச் செடிகூட அசையாமல் கிடந்தன. சூடான என்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. பெட்ரோல் நெடியை விலக்கிக்கொண்டு, சுண்ணாம்பும் தித்திப்பும் கலந்த ஒரு வாசனை, பதநீர்ப் பானையின் மூடியைத் திறந்தாற்போல, மெல்ல வளனின் மூக்கில் ஏறி அடித்தொண்டையில் உட்கார்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பனைமரம்கூட இல்லை.

தகட்டு மடிப்பிலிருந்து எதையோ உருவினான் ராஜ்குமார். முறுக்கேறிய பழுப்பு நார்.

"மரம் ஏறுறவங்க கால்ல மாட்டுவாங்களே, அந்தத் தளைநாரு." அவன் குரல் இறங்கியது. "பனமலையில பதனி எறக்கற கண்ணையன்னு ஒருத்தரு விழுந்து செத்துட்டாராம். டீக்கடையில பேசிக்கினாங்க. அவரு சம்சாரம் கோவிந்தம்மாள், ஏரோப்ளேன் சத்தம் கேட்டாப் போதும், ஓடியாந்து மண்ணை வாரித் தூத்துதாம். நாம அங்க ஒரு வாட்டி தாழப் பறந்தோமே, நான்கூட வாந்தியெடுத்து சீட்டுக்கடியில கவுந்து கெடந்தேனே... அன்னிக்கா சார்?"

"ஒரு சுத்து தாழப் போனா விழுந்துடுவானா? ஏறத் தெரியாதவன் ஏறியிருப்பான். வாய மூடு."

ராஜ்குமார் நாரைக் கீழே போட்டான். "வாட்ச்மேன் ரூம்ல போன் இருக்குது. ஆபீசுக்குச் சொல்லிட்டு வர்றேன்."

டயர் தேய்ந்த தார்மேல் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. ஆபீசுக்குத் தெரிந்தால் விசாரணை. விசாரணை என்றால் பனமலை. லைசென்ஸ் போகும்; அதற்குப் பின் சிறை. ஷெட்டுக்குள் கொண்டுபோய், யாரும் வருவதற்குள் தட்டி நிமிர்த்திவிட்டால்?

வளன் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். பழக்கத்தில் பெல்ட்டை மாட்டினான். சாவியைத் திருப்பினான். என்ஜின் இருமிவிட்டு அடங்கியது.

வாசனை இப்போது உள்ளே இருந்தது.

ணங்.

வால் பக்கம் தகடு அமுங்கும் சத்தம். பிறகு ஒரு மூச்சு. ஆழமாக இழுத்து, அடக்கி, உந்தி ஏறுகிறவனின் மூச்சு.

ணங். இன்னும் கொஞ்சம் கிட்டே.

மூக்கு உயர்ந்தது. முன்கண்ணாடியில் தெரிந்த கொல்லை கீழே வழுக்கிக்கொண்டு போனது. வானம் மட்டும். விமானம் வாலை ஊன்றி நிமிர்ந்துகொண்டிருந்தது. மரம் போல.

"ராஜு! டேய் ராஜு!"

ணங். முதுகுக்குப் பின்னால்.

பெல்ட் கழலவில்லை. விரல்கள் வழுக்கின.

ணங். தலைக்கு மேல்.

நிசப்தம்.

கூரை விளிம்பில் ஒரு கை வந்து பற்றியது. சுண்ணாம்பில் வெந்த விரல்கள். நகமில்லை. மற்றொரு கை முன்கண்ணாடிக்கு மேலிருந்து மெல்ல இறங்கி, வளனின் முகத்துக்கு நேராக நின்று, ஆடியது. இப்படியும் அப்படியும். பொறுமையாக.

அந்த அசைவை அவனுக்குத் தெரியும்.

அன்று முதல் சுற்றில் கண்ணையன் விழவில்லை. ஒற்றைக் கையால் மட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு கையை இப்படித்தான் ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று. வளன் அதைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். விமானத்தைத் திருப்பி, இன்னும் தாழ இறக்கி, மறுபடியும் அந்த மரத்துக்கே வந்தான்.