வெந்நீர்ப் பந்தல்

பிரவீனா ரகசியம் சொன்னால் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்.

"அம்மணி, நான் உனக்கு எதிரிலேயேதான் நிற்கிறேன். சூலூரில் நிற்கிற மாதிரி கத்தாதே" என்று கணக்கு டீச்சர் தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார்.

"சரிங்க டீச்சர்!" என்பாள் பிரவீனா. அதுவும் சூலூர் வரைக்கும் போகும்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பல்லடத்தைத் தாண்டி, உடுமலை ரோட்டோரம் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம். விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தால் இடி இடித்தாலும் தெரியாது. அங்கே ஒருவரோடு ஒருவர் பேச இரண்டே வழிகள். ஒன்று, தொண்டை கிழியக் கத்த வேண்டும். இல்லாவிட்டால், சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, கையை ஆட்டிக் காட்ட வேண்டும்.

தறிக்காரர்கள் பாதிப் பேச்சைக் கண்ணால்தான் கேட்பார்கள். வயிற்றைத் தட்டினால் சாப்பாடு. தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தால், 'தறியை நிறுத்து!' அந்தச் சைகையைப் பார்த்தால் என்ன வேலையில் இருந்தாலும் கை நின்றுவிட வேண்டும். யாருடைய விரலோ முந்தானையோ தறியில் மாட்டியிருக்கும்.

பிரவீனாவுக்கு இரண்டு வழிகளும் அத்துப்படி. பள்ளிக்கூடத்துக்கு முதல் வழியை மட்டும் எடுத்துப் போனதுதான் அவள் செய்த தப்பு.

அந்தத் தை மாதம் தறிகள் நின்றுபோயின. நூல் கொடுத்து நெய்து வாங்கும் ஜவுளிக்காரர்களிடம் தறிக்காரர்கள் நெசவுக் கூலியை உயர்த்திக் கேட்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, முடிந்தது, மறுபடியும் நடந்தது. முடிவு மட்டும் வரவில்லை. சுற்று வட்டாரத்தில் ஒரு தறியும் ஓடவில்லை.

வீடு அமைதியாகிவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் ஆகவில்லை.

"புவனா, குழம்புல உப்புக் கம்மி!" என்று அப்பா தனபால் சொன்னால், எதிர்வீட்டுக்காரர் தன் குழம்பை ருசி பார்த்தார். தறிச் சத்தம் இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கமும் வரவில்லை. கடைசியில் அம்மா, லொடலொடவென்று ஆடும் பழைய மேசை விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டார். அப்புறம்தான் அப்பாவுக்குக் குறட்டை வந்தது.

தைப்பூசம் நெருங்கியது. பழனிக்கு நடந்து போகிறவர்கள் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக உடுமலை ரோட்டை நிறைத்தார்கள். வருடா வருடம் பிரவீனா வீட்டார் வாசலில் பந்தல் போட்டு, நடந்து வருகிறவர்களுக்குத் தக்காளி சாதம் கொடுப்பார்கள்.

"இந்த வருசம் பந்தல் வேண்டாம் கண்ணு" என்றார் அப்பா.

பிரவீனா பேரத்தில் இறங்கினாள்.

"தக்காளி சாதம் வேண்டாமுங்கப்பா. சுண்டல்?"

"கடலைக் கடைக்காரர் உனக்கு மாமனா?"

"சரி, சுக்குக் காப்பி. கருப்பட்டி கொஞ்சமாப் போட்டு."

"கருப்பட்டி என்ன விலை விக்குதுன்னு தெரியுமா?"

அவள் இரண்டு படி இறங்கி வந்துவிட்டாள். அப்பா அரைப்படிகூட ஏறவில்லை. இந்த மாதிரி ஆளிடம் விலையைப் பேசக் கூடாது, சரக்கை மாற்ற வேண்டும்.

"போர்ல தண்ணி வருதுங்களா?"

"வருது."

"தோப்புல தென்னை மட்டை சும்மாதானே கிடக்குது?"

"கிடக்குது."

"அப்ப வெந்நீர்! குடிக்கறதுக்கும் ஆச்சு, கால் வலிக்கு ஊத்திக்கறதுக்கும் ஆச்சு."

அப்பா தலையைச் சொறிந்தார்.

"வெந்நீர்ப் பந்தலா? ஊரே சிரிக்கும் அம்மணி."

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. எதிர்வீட்டுக்கும் போயிருக்கும். "ஏனுங்க, நடக்கறவங்களுக்குக் கால் வலி இந்த வருசம்தானுங்க. அடுத்த வருசம் பந்தல் போட்டு யாருக்கு என்ன பண்ண?"

பேரம் படிந்தது.

மறுநாள் பொழுது விடியும் முன்பே வாசலில் அடுப்பு எரிந்தது. பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்தது. அடுத்த வீட்டுத் தறிக்காரர் சென்னகேசவனின் மனைவி பங்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"அம்மணி, அண்டாவுல என்ன?"

"வெந்நீருங்க அத்தை!"

"வெறும் வெந்நீரா?"

"நல்லாக் கொதிச்ச வெந்நீருங்க!"

பங்காரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "பெருசா எதுவும் குடுக்க முடியலைன்னு கூச்சப்பட்டுக்கிட்டு நாங்க இந்த வருசம் பேசாம இருந்துபோட்டோம். வெந்நீருக்கே நீங்க கூச்சப்படலை. எங்க ஊட்டுல கொஞ்சம் வெல்லம் கிடக்குது. பானகம் கரைச்சு வைக்கறேன்."

அவரைப் பார்த்து அதற்கடுத்த வீட்டில் காலில் தடவத் தேங்காய் எண்ணெய் வைத்தார்கள். அதற்கும் அடுத்த வீட்டில் வைக்க எதுவுமில்லை. நான்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். இப்படியே பைபாஸ் ரோடு வரைக்கும் தறிக்கார வீடுகளின் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். வேலைதான் இல்லையே!

பிரவீனா வீட்டுக்கு எதிரில் வியாபாரிகள் போட்ட பெரிய பந்தல் ஒன்றும் இருந்தது. அதில் சாப்பாடு மதியத்துக்குத்தான். ஆனால் பாட்டு, காலையிலிருந்தே. மைக் செட்டுக்காரர் காளிச்சாமி ஆள் உயர ஒலிபெருக்கிகளை வரிசையாக நிறுத்திச் சாமி பாட்டுப் போட்டார். அண்டாவில் இருந்த வெந்நீர் அதிர்ந்தது.

பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், சின்னப் பையன் ஒருவனைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தார். பையன் தலையில் காதை மூடிய சிவப்புக் குல்லா.

"உட்காருங்கக்கா! காலை வாளிக்குள்ள வைங்க!" என்றாள் பிரவீனா. அன்றைக்கு அவள் குரல் சரியான அளவில் இருந்தது.

பையன் அண்டாவை எட்டிப் பார்த்தான். "சாப்பிட என்ன இருக்குது?"

"வெந்நீர்!"

"இதை எங்க ஊட்டுல குளிக்கத்தான் வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சபரீஷ், சும்மா இரு" என்றார் அவன் அம்மா. அவினாசிப் பக்கமிருந்து நடந்து வருகிறார்களாம். போன வருடம் பையன் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது வேண்டிக்கொண்டாராம். கால் இரண்டும் கொப்புளம். "பழனி போய்ச் சேர்ந்துபோடுவேன் கண்ணு. கால்தான் நம்பிக்கை இல்லாமப் பேசுது" என்றார். வெந்நீர் பட்டதும் அவர் கண்கள் தானாக மூடின.

பிரவீனா அடுத்த ஆளுக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள்.

திரும்பி வந்தபோது வாளி இருந்தது. அந்த அம்மாவும் இல்லை, பையனும் இல்லை.

கிளம்பிவிட்டார்கள் போல என்று நினைத்தவள், எதிர்ப்பக்கம் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில் அந்த அம்மா மட்டும் தனியாக நின்றிருந்தார். இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, வாயைத் திறந்து ஏதோ சொன்னார். பக்கத்தில் போனவர்கள் உடனே கைகளைத் தூக்கி, "அரோகரா!" என்றார்கள். அவர் இன்னும் பலமாகச் சொன்னார். அவர்களும் இன்னும் பலமாக, "அரோகரா!" பக்திப் பெருக்கில் ஒருவர் அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

பிரவீனா உதட்டைப் பார்த்தாள்.

'என் பையனைக் காணோம். சிவப்புக் குல்லா. பார்த்தீங்களா? என் பையனைக் காணோம்.'

பிரவீனா கொடுத்த வெந்நீரில் அந்த அம்மா கால் வைத்த நேரத்தில்தானே பையன் நழுவியிருக்கிறான்! ரோடு முழுக்கப் பச்சை. எந்தப் பச்சைச் சேலைக்குப் பின்னால் போனானோ! வரிசையாக இருக்கும் வீடுகள் முடிந்ததும் பைபாஸ் ரோடு. அங்கே லாரிகள் யாருக்காகவும் நிற்காது.

"சபரீஷ்!" என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து அவ்வளவு பலமாக அவள் கத்தியதில்லை. பக்கத்தில் நின்ற நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி அவள் குரலை முழுசாக விழுங்கிவிட்டது.

காளிச்சாமியிடம் ஓடி, அவர் காதருகில் போய்க் கத்தினாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"பையனைக் காணோமுங்க! பாட்டை நிறுத்துங்க!"

"சாமி பாட்டைப் பாதியில நிறுத்தக் கூடாது கண்ணு. முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்குது!"

அப்பா நிலைமையைப் புரிந்துகொண்டு, பைபாஸ் பக்கம் போயிருந்த சென்னகேசவனுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

யாருக்கும் எதுவும் கேட்காது. பிரவீனா சட்டென்று நின்றாள். தறிக்கூடமும் இப்படித்தானே!

வாசலில் கவிழ்த்து வைத்திருந்த தண்ணீர் டிரம்மின் மேல் ஏறினாள். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தாள்.

'தறியை நிறுத்து!'

பானகம் ஊற்றிக்கொண்டிருந்த பங்காரம்மாவின் கை நின்றது. அதற்கடுத்த வீட்டில் எண்ணெய்க் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. நிறுத்துவதற்கு ஒரு தறியும் ஓடவில்லை. ஆனாலும் பழகிய கைகள் நின்றன. எல்லா முகங்களும் டிரம்மைப் பார்த்தன.

பிரவீனா வாயை மட்டும் அசைத்தாள். 'சின்னப் பையன். தனியா.' கையை இடுப்பளவுக்குக் காட்டினாள். பிறகு இல்லாத குல்லா ஒன்றை இரண்டு கைகளாலும் காது வரைக்கும் இழுத்துவிட்டாள். 'சிவப்புக் குல்லா.'

பங்காரம்மா தலையாட்டினார். திரும்பி, அடுத்த வீட்டைப் பார்த்துக் குல்லாவை இழுத்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டைப் பார்த்து இழுத்துவிட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆட்கள் நாற்காலி மேலும் திண்ணை மேலும் ஏறி, இல்லாத குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள். நடந்து போன பெரியவர் ஒருவர் அது அந்த ஊர் வழிபாடு என்று நினைத்து, தானும் காதைப் பிடித்து இழுத்து ஒரு கும்பிடு போட்டார்.

சேதி போய்விட்டது. இனிமேல் திரும்பி வர வேண்டும்.

பிரவீனாவின் அம்மா ரோட்டைத் தாண்டிப் போய்ச் சபரீஷின் அம்மாவைக் கூட்டி வந்தார். வந்தவர் உட்காரவில்லை. பிரவீனா டிரம்மை விட்டு இறங்கவில்லை. இருவரும் ஒரே திசையைப் பார்த்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. வேறு எதுவும் தெரியவில்லை.

"முருகா, கொண்டுவந்து குடுத்துரு" என்று அந்த அம்மாவின் உதடு அசைந்தது. அந்தப் பேச்சு தனக்கில்லை என்பதால் பிரவீனா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது தூரத்தில் ஒரு கை உயர்ந்தது. அடுத்து இன்னொரு கை. பங்காரம்மா திரும்பினார். குல்லாவை இழுத்துவிட்டார். பிறகு வயிற்றைத் தட்டினார். அப்புறம் கையை நீட்டி ஏந்திக் காட்டினார்.

பிரவீனா அதைப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, அந்த அம்மாவின் காதில் கத்தினாள்.

"கிடைச்சுட்டானுங்க! பொங்கல் சாப்பிடறானாம்! இன்னும் கொஞ்சம் கேக்கறானாம்!"

அந்த அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். தரையில்.

கொஞ்ச நேரத்தில் சென்னகேசவனின் மொபெட் வந்து நின்றது. முன்னால் சபரீஷ் நின்றிருந்தான். தலையில் குல்லா, கையில் ஆவி பறக்கும் பொங்கல் தொன்னை.

"கடைசி ஊட்டுல பொங்கல் வச்சிருந்தாங்க. வாசனை பிடிச்சுப் போயிருக்கறான்" என்றார் சென்னகேசவன். "இன்னும் நாலு எட்டு வச்சிருந்தா பைபாஸ்."

அவன் அம்மா முதலில் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"நான் உங்க பின்னாடிதான் போனேன்" என்றான் சபரீஷ், மூச்சு முட்டியபடி. "திரும்பிப் பார்த்தா மூக்குக் கண்ணாடி போட்டிருந்தீங்க. அது வேற ஆளு. நீங்கதான் காணாமப் போயிட்டீங்க!"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரவீனாவின் கையைப் பிடித்தார். "உன் பேரென்ன கண்ணு? பழனியில உனக்கும் ஒரு விளக்குப் போடறேன்."

பிரவீனா மூச்சை நன்றாக இழுத்தாள். ஒலிபெருக்கியை ஜெயிக்க வேண்டுமே!

சரியாக அந்த நொடியில், மனசு கேட்காமலோ என்னவோ, காளிச்சாமி பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"பிரவீனாங்க!"

ரோட்டில் நடந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. சபரீஷின் கையிலிருந்த பொங்கல் தொன்னையோடு மண்ணில் விழுந்தது.

அவன் பொங்கலைப் பார்த்தான். அண்டாவைப் பார்த்தான். பிரவீனா ஒரு டம்ளர் வெந்நீரை நீட்டினாள்.

இந்தத் தடவை அவன் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக் குடித்தான்.