கயிற்றுக்கடை முடிச்சு

நூற்பாலையில் அம்மாவுக்கு விடியற்காலை ஷிப்ட் வந்ததும் வீட்டில் ஒரு வழக்கு கிளம்பியது. சிட்டுவுக்குத் தலை பின்னிவிடுவது யார்?

"ஞாயித்துக்கிழமை முடியை வெட்டிடலாம். தொல்லை விட்டுது," என்றார் அப்பா.

சிட்டு தன் நீளமான முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க பின்னி விடுங்கப்பா," என்றான் அவள் அண்ணன்.

"ஆம்பளை செய்யுற வேலையாடா இது? உங்க தாத்தா சீப்பைத் தொட்டதே இல்ல."

"தாத்தாவுக்குத்தான் தலையில முடியே இல்லையேப்பா."

அப்பா சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு நகர்ந்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

"உன் முடியை வெட்ட விடமாட்டேன். உட்காரு," என்றான் அண்ணன்.

வீட்டு முன்னறைதான் அப்பாவின் கயிற்றுக்கடை. ஊஞ்சலுக்கு அவர் மூன்று புரி வைத்துக் கயிறு பின்னுவதைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். சிட்டுவின் முடியையும் மூன்றாகப் பிரித்தான். இழுத்து இறுக்கிப் பின்னினான். நுனியில் ரிப்பனைச் சுற்றி, கடையில் மூட்டைக்குப் போடும் முடிச்சையே போட்டுவிட்டான்.

"அண்ணா, கண்ணை மூட முடியல."

"பழகிடும்."

தங்கைக்குத் தலை பின்னினான் என்று பள்ளியில் பையன்கள் அவனைக் கேலி செய்தார்கள். "முடி வளர்த்துட்டு வாங்கடா, உங்களுக்கும் பின்னி விடுறேன்," என்றான்.

சாயங்காலம்தான் வந்தது வினை. முடிச்சு அவிழவே இல்லை. அம்மா இழுத்துப் பார்த்துவிட்டு, "கத்தரிக்கோலை எடு," என்றாள்.

சிட்டு அப்பாவிடம் ஓடினாள். அவர் பின்னலைத் திருப்பிப் பார்த்தார். "அட, இது என் முடிச்சாச்சே. லாரியே இழுத்தாலும் அவிழாதே."

அவர் விரல் பட்டதும் அது அவிழ்ந்தது. அதே விரல்கள், பழக்க தோஷம், முடியைப் பிரித்துத் திரும்பப் பின்ன ஆரம்பித்தன. "இவ்வளவு இறுக்காதடா. கயிறு அழாது, இவ அழுவா."

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பொம்பளை வேலையெல்லாம் பார்க்குறீங்க?"

அப்பாவின் கை நின்றது. விட்டுவிடுவாரோ என்று அண்ணனுக்குப் பயமாக இருந்தது.

"என் பொண்ணு தலை, என் கை," என்றார் அப்பா. "உங்களுக்கு எந்தக் கயிறு வேணும், சொல்லுங்க."

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்று மெல்லக் கேட்டாள் சிட்டு.

"முடிவெட்டுறவருக்கு வேற தலை கிடைக்காமலா போயிடும்?"

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எனக்கு ரெட்டைப் பின்னல்."

அப்பா மகனைப் பார்த்தார். "இடது பக்கம் நீ, வலது பக்கம் நான்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்," என்றாள் சிட்டு கறாராக.