நேர்ந்துவிட்ட கிடா

விடிந்தும் விடியாத நேரத்தில் பட்டியில் ஒரு குட்டி செத்துப் பிறந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தன. அதை ஒரு பழைய சாக்கில் சுற்றிக்கொண்டு அஞ்சம்மாள் திரும்பினால், எதிரே நாத்தனார் குப்பம்மாள் நிற்கிறாள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை, பந்து மல்லிகை. நல்ல காரியமாக வந்தவள் கண்ணில் முதலில் பட்டது செத்த குட்டி. கேட்க வேண்டுமா!

"நல்ல நாளும் அதுவுமா... உன் கை பட்டா எதுதான்டி உருப்பட்டுது? பெத்த புள்ளைங்களையே முழுங்கினவ நீ."

இந்தப் பேச்சு அஞ்சம்மாளுக்குப் புதிதில்லை. தலைப்பிள்ளையும் அடுத்த பிள்ளையும் பிறந்த சூட்டோடு கண்ணை மூடிவிட்டன. மூன்றாவதாக வந்த அருணாதான் தங்கினாள். அன்றிலிருந்து கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் அஞ்சம்மாளின் வயிறு சரியில்லை என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவளும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

பொன்னேரியைச் சுற்றி அந்தக் குடும்பத்துக்கு நல்ல நஞ்சை நிலம். நிலம் வெளியே போகக்கூடாது என்று பெண்ணை வெளியே கொடுக்க மாட்டார்கள். குப்பம்மாளைச் சொந்தத் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். அத்தை மகளான அஞ்சம்மாளைக் குப்பம்மாளின் தம்பி பச்சையப்பனுக்குக் கட்டினார்கள். இப்போது குப்பம்மாள் தன் மகன் ஜெகனுக்கு அருணாவைக் கேட்டு வந்திருக்கிறாள். ஜெகனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டியில் நல்ல கம்பெனியில் வேலை, பீடி சிகரெட் கிடையாது. ரத்தம் ஒன்று என்பதுதான் குறை.

அஞ்சம்மாள் சாக்கை ஓரமாகக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பொண்ணு தரமாட்டேன் அண்ணி."

வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி வந்த பச்சையப்பன் அப்படியே நின்றுவிட்டார். அந்த வீட்டில் அவள் 'மாட்டேன்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

குப்பம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பட்டியைக் காட்டினாள். அங்கே அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கருங்கிடா கொம்பைத் தூக்கி நின்றது. கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று பங்காளிகள் சண்டை போட்டுக்கொண்டதில் திருவிழா வருஷக்கணக்காக நின்று போயிருந்தது. திருவிழா வராமல் கிடாவை வெட்ட முடியாது. சாமிக்கு விட்டதை விற்கவும் முடியாது. அது இருக்கும் பட்டியில் வேறு கிடா கட்டுவதும் குற்றம். அதனால் அதுவே தன் மகள்களோடும் மகள் வயிற்றுப் பேத்திகளோடும் கூடி, பட்டியே அதன் குடும்பமாகிவிட்டது. அந்தத் தெய்வக் கிடா இருக்கும் இடத்திலேயே குட்டி சாகிறது என்றால் இவள் கை ராசியைப் பார்த்துக்கொள் என்றாள் குப்பம்மாள். வெள்ளைப் பெட்டையாடு ஒன்றுக்குப் பிறந்த இரண்டு குட்டிகள் மட்டும் துள்ளுகின்றனவே, அதுவும் அம்மன் கருணையாம்.

"அது அம்மன் கருணை இல்ல அண்ணி, என் வேலை. மழைக்கு முன்னாடி அந்த வெள்ளைப் பெட்டையை சோழவரத்துக்கு ஓட்டிக்கினு போய், வேற ஒரு ஊட்டுக் கிடாவோட சேர்த்தேன். அந்த ஒரு ஈத்துதான் முழுசா நிக்குது. சாமி குத்தம்னா என்னைக் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

பச்சையப்பன் வாயிலிருந்த குச்சியை எடுத்தார். அந்தக் குட்டிகளைக் காட்டி ஊரெல்லாம் பெருமையடித்திருந்தவர் அவர்.

குப்பம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. "விதை நெல்லை இன்னா வெளியிலேர்ந்தா வாங்குறோம்? நம்ம கழனி நெல்லையே திரும்பத் திரும்ப விதைக்கிறோம். மொளைக்காமயா போச்சி?" என்று மடக்கினாள்.

கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற அருணா உள்ளேயிருந்து வந்தாள். கல்லூரியில் தாவரவியல் படித்தவள். அத்தை பெண் கேட்டு வரப்போவது தெரிந்து ராத்திரியெல்லாம் அழுத முகம். ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"நெல்லு வேற, அத்தை. அது காலங்காலமா அதும் பூவுக்குள்ளயே சேர்ந்துக்கினு வருது. அதுல இருந்த கோளாறு பெரும்பாலும் எப்பவோ வெளிய வந்து, பதராப் போயி ஒழிஞ்சிடுச்சி. ஆடும் மனுஷரும் அப்படியில்ல. நமக்குள்ள கோளாறு ஒளிஞ்சிக்கினு இருக்கும். அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒரே கோளாறு இருந்து, ரெண்டும் ஒரே புள்ள கிட்ட போய்ச் சேர்ந்தாதான் தலைகாட்டும். சொந்தத்துல கட்டினா அது சேர்றதுக்கு வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் ஆவாது. ஆனா ஆயிருக்குதே..."

"படிச்ச திமிரு," என்றாள் குப்பம்மாள். "எல்லாம் உங்கம்மா வயித்துக் கோளாறு. அதை மறைக்க ஒரு கதை."

அஞ்சம்மாள் கணவரையே பார்த்தாள். இரண்டாவது பிள்ளையைப் பறிகொடுத்த கையோடு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னதும் இதைத்தான். பெரியவர்கள் செய்துவைத்த கல்யாணம், வெளியே சொன்னால் என் அப்பா மனசு உடைந்துவிடும் என்று பச்சையப்பன் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அந்தக் கைக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் மலடிக்குச் சமமாக நின்றாள்.

"எனக்காகப் பேச வேணாம் மாமா. நான் தாங்கிட்டேன். என் பொண்ணு தாங்க மாட்டா. இப்ப நீ பேசலன்னா, நான் அவளைக் கூட்டிக்கினு படி எறங்கிடுவேன்."

பச்சையப்பன் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் எதிரில் வந்து நின்றார்.

"அவ வயித்துல ஒரு கோளாறும் இல்லக்கா. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு... எங்கிட்ட பாதி, அவகிட்ட பாதி. சொந்தத்துல கட்டினதால வந்துது. நான்தான் அவ வாயை அடைச்சேன்."

குப்பம்மாள் ஏதோ திட்டப் போகிறாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். அவளோ தாம்பாளத்தோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜெகனுக்கு முன்னால் அவளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து போயிருந்தது. அதற்காக மாமியார் தான் சாகும்வரை அவளை அடுப்பங்கரையில் வைத்துக் குத்திக்காட்டியது ஊருக்கே தெரியும்.

"அப்ப... என் பொண்ணும் என் ராசியால சாவலையா, அஞ்சு?"

திருப்பிக் கொடுக்க அஞ்சம்மாளுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எதனாலன்னு எனக்குத் தெரியாது அண்ணி. ஆனா உங்க ராசியால இல்ல. எந்தப் பொம்பள ராசியாலயும் இல்ல."

இத்தனை வருஷம் ஏசிய வாய் அவள் தோளில் புதைந்து அழுதது. அஞ்சம்மாளும் அழுதாள். அழுதபடியே சொன்னாள்: "எவ்ளோ அழுதாலும் சரி, பொண்ணு மட்டும் தரமாட்டேன்."

குப்பம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தாம்பாளத்திலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு மல்லிகையை எடுத்து அருணாவின் பின்னலில் வைத்தாள்.

"மருமவளுக்கு வெக்கல. என் தம்பி பொண்ணுக்கு வெக்கிறேன். போடி, பஸ் போயிடப் போவுது."