வீட்டுக்கு ஒரு கலர் லேசர்

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தார்.

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. செய்தித்தாள் மடியிலிருந்து வழுக்கி, பாதத்தின் மேல் கிடந்தது.

"மாமா... டீ ஆறிடும்."



மருமகள் தோளைத் தொட்டாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

டம்ளர் கைநழுவி விழுந்தது.

அடுத்த தெருவிலிருந்து குடும்ப டாக்டர் ஓடி வந்தார். இமையை விலக்கிப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அதற்கு மேல் செய்ய அவருக்கும் ஒன்றுமில்லை.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போட்டாராம்மா?"

"நான்தான் டாக்டர் கையில கொடுப்பேன். ஒரு வேளை தவறினதில்ல."

"இத்தனை வருஷமா கட்டுக்குள்ள இருந்த பிரஷர்... திடீர்னு எகிறி இருக்கணும். மாத்திரை போட்டவருக்கு இப்படி ஆகக் கூடாதே."

டாக்டர் குழப்பத்தோடு போனார்.

வெளியூரிலிருந்து கணவன் வந்து சேர்ந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அந்த அழுகை நிஜம். அதில் சந்தேகமே வேண்டாம்.

சந்தேகப்பட வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. அந்த வீட்டின் பின்பக்க அறையில், மேஜை மேல், பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு.

ஒரு கலர் லேசர் பிரிண்டர்.

அது அந்த வீட்டுக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தெருவில் மருமகளுக்கு 'சோப்பு அக்கா' என்று பெயர். வீட்டிலேயே சோப்பு காய்ச்சி, துண்டு போட்டு, லேபிள் சுற்றி, கடை கடையாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். சோப்பு நன்றாகப் போயிற்று. லேபிள்தான் மானத்தை வாங்கியது.

பழைய பிரிண்டர் மை ரகம். ஈரக்கை பட்டால் ரோஜாப்பூ கரைந்து ரத்தக்களறியாகிவிடும். இரண்டு வாரம் சும்மா விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கணவன் ஒரு மெடிக்கல் ரெப். ஊர் ஊராக டாக்டர்களைப் பார்த்து மருந்து பேசுகிற வேலை. சோப்பு விஷயத்தில் அவன் தலையிடுவதே இல்லை. கிண்டல் செய்வதோடு சரி.

அன்றைக்கு மட்டும் அவனாகவே கூட வந்தான்.

பிரிண்டர் கடைக்காரருக்குத் தலை வழுக்கை. பேச்சில் வழுக்காத மனிதர்.

"என்ன வேலைக்கும்மா வேணும்?"

"சோப்பு லேபிள். தண்ணி பட்டா கரையக் கூடாது. வீட்டுல வெச்சுக்கிற மாதிரி, கையைக் கடிக்காத விலையில."

"அப்ப லேசர்தான். அதுல மையே கிடையாது. டோனர்னு ஒரு பவுடர். சூட்டுல உருக்கி பேப்பர்ல ஒட்டிடும். ஈரம் பட்டாலும் அசையாது. மாசக்கணக்கா தொடாம வெச்சிருந்தாலும் அடைக்காது."

அவள் ஓரத்தில் இருந்த சின்ன பிரிண்டரைக் காட்டினாள். "இதுதான் எல்லாத்தையும் விட விலை கம்மியா இருக்கு."

"கம்மிதான். டோனர் விலையைக் கேளுங்க."

கேட்டாள். முகம் மாறியது.

"என்னங்க இது, டோனர் செட்டு பிரிண்டரை விட ஜாஸ்தியா இருக்கு?"

"நாலு டோனர் ஆச்சேம்மா. கறுப்பு, மஞ்சள், நீலம், சிவப்பு. ஒவ்வொண்ணும் தனித்தனியா தீரும். புதுசுல கூடவே வர்றது பாதிதான் நிரம்பி இருக்கும். பிரிண்டர் விலையைப் பாக்காதீங்க. ஒரு பக்கம் அடிக்க என்ன ஆகுதுன்னு பாருங்க."

அவள் பார்த்தாள். போன வாரமே இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தாள். இங்கேயும் ஒவ்வொரு பிரிண்டரையும் லேபிள் அடிக்கச் சொல்லி வாங்கி, எச்சில் தொட்டுத் தேய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"ஸ்கேனர் சேர்ந்தது வேணுமா?"

"வேணாம்."

"ரெண்டு பக்கமும் தானா அடிக்கிறது?"

"லேபிளுக்கு முதுகுல என்னங்க வேலை?"

கடைசியில் நடுத்தர விலையில் ஒன்று. வேகம் குறைவு. பார்க்க இரும்புப் பெட்டி மாதிரி இருந்தது. ஆனால் டோனர் மலிவு.

அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த கணவன் தலையைத் தூக்கினான்.

"இதுல கனமான அட்டை போகுமா?"

"போகும் சார். பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டா மடங்காம நேரா வெளிய வந்துடும்."

அவள் திரும்பினாள். "அட்டை எதுக்குங்க?"

"நாளைக்கே சோப்புக்கு அட்டைப்பெட்டி போடணும்னு ஆசை வராதா உனக்கு?"

அவள் அப்படியே உருகிப் போனாள். தன் சோப்பைப் பற்றி அவன் இவ்வளவு தூரம் யோசித்து அவள் பார்த்ததில்லை.

"பில் யார் பேர்ல சார் போடட்டும்?"

"அவ பேர்லயே போடுங்க. வாரன்டியும் அவ பேர்லயே. முதலாளி அவதானே."

பெட்டி நல்ல கனம். அவளைத் தொடவிடாமல் அவனே தூக்கினான். வீடு வரும் வரைக்கும் அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

லேபிள் அருமையாக வந்தது. வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். ரோஜாப்பூ அசையவில்லை.

ஆனால், அவள் போட்ட கணக்குக்கு முன்னாலேயே நீலம் தீர்ந்தது. பின்னாலேயே மஞ்சளும்.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரமா தீருமா?"

"கூட வர்றது பாதிதான்னு அந்த ஆளு அன்னைக்கே சொன்னாரே. விடு, நான் வாங்கிட்டு வரேன்."

கேட்காமலே வாங்கி வந்தான். மாட்டியும் கொடுத்தான்.

தங்கமான புருஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

மாமனாரின் காரியங்கள் முடிந்து, வந்த சொந்தங்கள் கிளம்பிப் போன மறுநாள் அழைப்பு மணி அடித்தது.

கணவன் கதவைத் திறந்தான்.

வாசலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"உள்ள வரலாமா?"

"வாங்க மேடம். என்ன விஷயம்?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த மாத்திரைப் பெட்டியை மேஜை மேல் வைத்தார்.

"உங்கப்பா சாப்பிட்ட பிரஷர் மாத்திரை. லேப்ல பாத்தாச்சு. மருந்தே இல்ல. சுண்ணாம்பும் மாவும்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"மாத்திரை போலி. பெட்டியும் போலி. பெட்டியை அடிச்சது கலர் லேசர் பிரிண்டர்ல."

கணவனின் பார்வை பின்பக்க அறைப் பக்கம் போய்த் திரும்பியது. இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார்.

"நிறைய கலர் லேசர் பிரிண்டருங்க, அடிக்கிற ஒவ்வொரு தாள்லயும் பொடிப்பொடியா மஞ்சள் புள்ளி வெச்சுட்டுப் போகும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நீல வெளிச்சத்துல லென்ஸ் வெச்சுப் பாக்கணும். அந்தப் புள்ளியைப் படிச்சா எந்த பிரிண்டர்னு நம்பரே கிடைச்சிடும்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. எந்தக் கடையில வித்ததுன்னும் தெரிஞ்சுது. பில்லு உங்க மனைவி பேர்ல இருக்கு."

சமையலறை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?"



"என்னங்க..." அவள் கூப்பிட்டாள். "சொல்லுங்க."

அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். மடித்துப் பைக்குள் வைத்தான். அதற்குள் முடிவு செய்துவிட்டான்.

"மேடம், நான் பாதி நாள் வெளியூர்ல இருக்கிறவன். அந்த ரூமுக்குள்ள நான் போறதே இல்ல. பிரிண்டர் அவளோடது. அவதான் கடை கடையா அலைஞ்சு, பாத்துப் பாத்து வாங்கினா."

"ம்... சொல்லுங்க."

"கடையில வெச்சு, கனமான அட்டை போகுமான்னுகூடக் கேட்டா. எதுக்குன்னு எனக்கு அப்ப உறைக்கல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு மாத்திரை கொடுத்ததும் இவதான். இந்த வீடு அப்பா பேர்ல இருக்கறது இவளுக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. வெளிய சொன்னா கேவலம்னு நான் வாயை மூடிட்டு இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் அவன் அவளை அடித்ததில்லை. இன்றைக்கு அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

மாமா கடைசியாகச் சிரித்தது அவள் நினைவுக்கு வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு, 'நீ இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது' என்றாரே, அந்தச் சிரிப்பு.  அழுகை வரவில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு மாத்திரை வாங்கறது யாரு?"

"நான்தான் மேடம். கடையில வாங்கவே விடமாட்டேன். கம்பெனியிலேர்ந்து நேரா கொண்டு வருவேன். அப்பாவுக்கு மட்டும் எப்பவும் அசல்தான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பாவுக்கு மட்டும்?"

"அ... ஆமா."

"அப்ப மத்தவங்க அப்பாவுக்கெல்லாம்?"

அவன் அவசரமாகக் கையை ஆட்டினான்.  

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல மேடம். நான் கொடுத்தது அசல். இவதான் நடுவுல மாத்தி இருக்கா."

"மாத்தல." மருமகள் குறுக்கிட்டாள். "நீங்க கொண்டு வந்தது தீர்ந்து போச்சு. உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல. மாமாவுக்கு வேளை தவறக் கூடாதேன்னு தெருமுனைக் கடையில நானே வாங்கினேன்."

"எங்க?"

"நம்ம தெருமுனை மருந்துக்கடையில."

அவன் முகம் வெளிறியது.

"அங்கயா? அந்தக் கடைக்கு எப்படி... இந்த ஏரியாவுல ஒரு பெட்டி இறங்கக் கூடாதுன்னு அந்த ஏஜென்ட்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே..."

யாரிடமும் இல்லாமல் காற்றிடம் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

யாரைக் கொன்றோம் என்பதும்.

அப்பாவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தேள் கொட்டியவன் மாதிரி எழுந்துகொண்டான்.

மிச்சத்தை அவனே கக்கினான். போலி மாத்திரை செய்து கடைகளில் இறக்கியது ஏஜென்ட். பெட்டி அடித்துக் கொடுத்தது இவன். அவள் கடைகளுக்குச் சோப்பு கொடுக்கக் கிளம்பினதும் பின்பக்க அறைக்குள் போவான். அவள் திரும்பி வருவதற்குள் பூப்போட்ட துணியைப் போர்த்திவிடுவான்.

கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். இந்தப் பெட்டி உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? டாக்டர் கொடுத்தாரா?"

இன்ஸ்பெக்டர் மருமகள் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அவங்க கொண்டு வந்தாங்க."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமனார் அலமாரியை ஒழிக்கும்போது பாத்திருக்காங்க. பெட்டியோட நீல ஓரத்துல முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இவங்க சோப்பு லேபிள்லயும் அதே கோடு, அதே இடத்துல. பிரிண்டருக்குள்ள ஏதோ கீறல். நேரா ஸ்டேஷனுக்கு வந்து, 'இது என் வீட்டு பிரிண்டர்ல அடிச்சது, ஆனா நான் அடிக்கல'ன்னாங்க."

"அப்ப... எல்லாம் தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"உங்கப்பாவை விட்டா வீட்டுல இருக்கறது ரெண்டே பேர். கண்டுபிடிக்கிறது கஷ்டமா? நேரா உங்களைத் தூக்கிட்டுப் போகத்தான் இருந்தேன். இவங்கதான் விடல. 'அவரை யாரோ ஏமாத்தி மாட்டி விட்டிருப்பாங்க. என் முன்னால ஒரு தடவை கேளுங்க, ஒத்துக்குவாரு. என் மேல பழி விழ விடமாட்டாரு'ன்னு சண்டை போட்டாங்க. உங்களுக்காக வக்கீல்கிட்டகூடப் பேசி வெச்சிருக்காங்க."

அவன் தலையைத் தூக்கவில்லை.

அவள் பக்கத்தில் வந்தாள்.

"நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா... மாமாவை நினைச்சு அழுதுட்டே உங்களுக்கும் காத்துட்டு இருந்திருப்பேன்."

"பயத்துல வாய் தவறி..."

"வாய் தவறல. யோசிச்சுதான் சொன்னீங்க. நான் பாத்துட்டேதானே நின்னேன்."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். பூப்போட்ட துணியை உருவிப் போட்டுவிட்டு, இரண்டாவது கான்ஸ்டபிள் பிரிண்டரை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது.

"பிரிண்டர் இப்போதைக்குத் திரும்பக் கிடைக்காதும்மா. அந்தக் கடைக்காரர்கூடச் சொன்னாரு, இத்தனை கேள்வி கேட்டு, தேய்ச்சுப் பாத்து, மோந்து பாத்து வாங்கின ஆளை அவர் பாத்ததே இல்லையாம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா மேடம். பிரிண்டருக்குத்தான் அதெல்லாம் பாத்தேன். புருஷனுக்கு ஒரே ஒரு போட்டோ பாத்துட்டு தலையாட்டிட்டேன்."